மலைநாட்டில் ஒலித்த மீனாட்சி அம்மாள் பாட்டு

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே பாட்டு என்பது வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்த மக்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் காமன் கூத்தையும் தம்முடன் கொண்டு வந்தனர். கொழுந்து பறிக்கும் மலையிலும், லயத்து வாசலிலும், திருவிழாக் காலத்துத் தப்பின் முழக்கத்தோடும் அவை வாழ்ந்தன. அந்தப் பாட்டு மரபைத் தொழிலாளரின் உரிமைக் குரலாக ஆக்கியவர்களுள் முதலாக வைத்து எண்ணத்தக்க பெண்மணி மீனாட்சி அம்மாள்.

அவர் கோ. நடேசய்யரின் துணைவியார். தஞ்சை மண்ணில் 1887இல் பிறந்த நடேசய்யர், இலங்கைக்கு வந்து பத்திரிகைத் தொழிலில் இறங்கியவர். 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பெற்றார். இப்பணிகள் யாவற்றிலும் மீனாட்சி அம்மாள் உடன் நின்றார், பத்திரிகைக்கு எழுதினார், மேடைகளில் பாடினார்.

அக்காலத்துத் தோட்டங்களின் நிலையை அறிந்தாலன்றி இப்பாட்டின் பெருமை விளங்காது. தோட்டம் என்பது துரையின் தனி எல்லை. வெளியார் ஒருவர் அனுமதியின்றி உள்ளே நுழைந்தால் அத்துமீறல் என்று வழக்குத் தொடரலாம். நடேசய்யரே புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் சென்று நிலைமையை அறிந்தார் என்பர். விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் தொடங்கி மாலையில் கொழுந்து நிறுத்து முடியும்வரை தொழிலாளியின் பொழுது பிறர் கையில் இருந்தது. கங்காணியிடம் பட்ட கடனோ தலைமுறை கடந்தும் தொடர்ந்தது. கடனைச் சீட்டில் எழுதி, ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றும் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் அச்சம் ஒழியவில்லை.

கூலியைப் பற்றியும் ஒரு சொல். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே குறைந்தபட்சக் கூலி வகுக்கப்பட்டது. 1929இல் நடைமுறைக்கு வந்தபோது, உயர்ந்த மலைப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். பிள்ளைக்கு 32 சதம். சட்டம் இவ்வளவு தருகிறது என்பதைத் தொழிலாளி அறிந்தால்தானே கேட்க முடியும்? நடேசய்யர் அதற்காகவே நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் எழுதினார். ஆனால் எழுத்தறிந்தோர் மிகச் சிலராயிருந்த லயங்களில் அச்செழுத்து எவ்வளவு தூரம் செல்லும்?

இவ்விடத்தில்தான் மீனாட்சி அம்மாளின் குரல் துணைக்கு வந்தது. கூட்டம் நடைபெறும் இடங்களில் அவர் பாரதியாரின் பாடல்களைப் பாடினார்; தாமே இயற்றிய பாடல்களையும் பாடினார். மக்கள் முன்பே அறிந்திருந்த மெட்டுகளில் புதிய செய்திகளை அமைத்தார். அதன் பயன் எளிதில் விளங்கும். புது மெட்டைக் கற்கக் காலம் வேண்டும். பழகிய மெட்டிலே புதுச் சொல்லை வைத்தால் கேட்டவர் அன்றே பாடிக்கொண்டு வீடு திரும்புவர். பத்திரிகையைப் பறிமுதல் செய்யலாம். பேச்சாளரை வாயிலில் தடுக்கலாம். கொழுந்துக் கூடையோடு மலையேறும் பெண்ணின் வாயிலுள்ள பாட்டை எந்தக் காவற்காரன் தடுப்பான்?

1939ஆம் ஆண்டு இந்திய வம்சாவளியினருக்குச் சோதனைக் காலமாக அமைந்தது. அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலி பெற்ற இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கும் ஏற்பாடு நடைபெற்றது. அதனை ஒட்டி ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. தோட்டங்களிலே வேலைநிறுத்தங்கள் பரவின. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி போலீசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். அதே 1940இல் மீனாட்சி அம்மாளின் பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பெயரில் அச்சேறின. தலைப்பே நூலின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. இந்நாட்டில் உழைத்த மக்களுக்கு வரவிருக்கும் இடரை உணர்த்துவதும், ஒற்றுமையாக நின்று உரிமை கேட்கத் தூண்டுவதுமே அப்பாடல்களின் கருத்து.

அவர் அஞ்சியது வீண் அச்சமன்று. 1947இல் நடேசய்யர் காலமானார். மறு ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்க 2003இல்தான் ஒரு சட்டம் பிறந்தது. தேயிலைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமாக்கப்பட்டதும் 1984இலேயாம்.

பின்வந்த காலத்தில் மலைநாட்டுக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை மக்கள் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ஆராய்ச்சியாளர் சாரல்நாடன் நடேசய்யரின் வரலாற்றை எழுதி, அத்தம்பதியரின் தொண்டினைப் பிற்காலத்தார் அறியச் செய்தார்.

அச்சு ஒரு பாட்டின் சொல்லைக் காக்கும். குரலைக் காக்க வல்லதன்று. மீனாட்சி அம்மாளின் பாட்டைக் கேட்டுத் தலை நிமிர்ந்த தொழிலாளப் பெண்கள் பலரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. எனினும், தம் கூலி எவ்வளவு, தம் உரிமை யாது என்று முதன்முதலாக வாய்திறந்து கேட்ட தலைமுறையின் வரலாற்றில் அந்தக் குரலுக்கு ஓர் இடம் உண்டு. சட்டசபைப் பேச்சுகளோடும் சங்கங்களின் தீர்மானங்களோடும் சேர்த்து, பாடியவர்களின் பணியையும் எழுதினால்தான் மலைநாட்டுத் தொழிலாளர் வரலாறு முழுமை பெறும்.