துப்பாக்கிக் காப்புக் கிரீஸ்

துப்பாக்கிக் காப்புக் கிரீஸ் என்பது, கிடங்குகளில் நெடுங்காலம் வைக்கப்படும் துப்பாக்கிகள் துருப்பிடிக்காமல் இருக்க அவற்றின் மீது பூசப்படும் கெட்டியான மசகுப் பொருள். படைகள் கழித்துவிட்ட பழைய துப்பாக்கிகள் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் துருவின்றி வெளிவர இதுவே காரணம். ஆனால், இதை முழுமையாக நீக்காமல் துப்பாக்கியைச் சுடுவது ஆபத்தானது. விலங்குக் கொழுப்பிலிருந்து பெட்ரோலியத்துக்கு மாறிய இதன் வரலாற்றில் பர்மாவுக்கும் வடசென்னைக்கும் தொடர்பு உண்டு.

விலங்குக் கொழுப்பின் காலம்

பெட்ரோலியப் பொருட்கள் பரவலாவதற்கு முன் மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, தேன்மெழுகு, தாவர எண்ணெய்கள் ஆகியவையே இரும்பைக் காக்கப் பயன்பட்டன. கொழுப்பு நாள்பட்டால் கெட்டு அமிலமாகும். அந்த அமிலமே இரும்பை அரிக்கத் தொடங்கும். எனவே இவை நீண்டகாலக் காப்புக்கு ஏற்றவை அல்ல.

கொழுப்பு அரசியல் சிக்கலாகவும் மாறியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளுக்கு வந்த என்பீல்டு துப்பாக்கியின் தோட்டா, குழலுக்குள் எளிதாக இறங்குவதற்காகக் கொழுப்புத் தடவப்பட்டிருந்தது. தோட்டாவின் காகித உறையைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். அதில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்திருப்பதாகப் பரவிய செய்தி, 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. கொழுப்புத் தடவாத தோட்டாக்களை வழங்கி, சிப்பாய்கள் விரும்பிய மசகைத் தாமே தடவிக்கொள்ளலாம் என்று நிர்வாகம் அனுமதித்தும் ஐயம் தீரவில்லை.

ரங்கூன் எண்ணெயும் வாசலினும்

பர்மாவின் ஏனாஞ்சாவுங் பகுதியில் மக்கள் கையால் கிணறு தோண்டிப் பெட்ரோலியம் எடுத்துவந்தனர். அதிலிருந்து கிடைத்த கனமான எண்ணெய் ‘ரங்கூன் எண்ணெய்’ என்ற பெயரில் பிரித்தானியப் படைகளில் துப்பாக்கி எண்ணெயாகப் புகழ்பெற்றது. கனிம எண்ணெய் கொழுப்பைப் போல ஊசிப்போவதில்லை என்பதே அதன் சிறப்பு.

அமெரிக்காவில் ராபர்ட் செஸ்புரோ 1872-இல் வாசலினுக்குக் காப்புரிமை பெற்றார். 1865-இல் பிலடெல்பியாவில் தொடங்கப்பட்ட ஹாட்டன் நிறுவனத்தின் ‘காஸ்மோலின்’, வாசலினைப் போன்ற மற்றொரு பெட்ரோலியப் பொருள். பின்னாளில் படைக்கலக் காப்புக் கிரீசுக்கே அது பொதுப்பெயராயிற்று. வாசலின் வெடிமருந்திலும் இடம்பெற்றது. 1889-இல் உருவாக்கப்பட்ட கார்டைட்டில் அதன் பங்கு 5 விழுக்காடு. நீலகிரியின் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த கார்டைட் தொழிற்சாலை இந்த வெடிமருந்துக்காகவே நிறுவப்பட்டது.

வடசென்னைத் தொடர்பு

பர்மாவின் பெட்ரோலியப் பொருட்கள் கப்பல் வழியாகச் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தன. 1886-இல் தொடங்கப்பட்ட பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் அங்கே இருந்தன. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சுட்ட குண்டுகளால் அத்தொட்டிகள் தீப்பற்றின. எரிந்தது மண்ணெண்ணெய்.

இராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் ஈரமும் இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். இத்தகைய இடங்களில் உலோகக் கருவிகளுக்கு எண்ணெய்ப் பூச்சு இன்றியமையாதது. 1969-இல் இயங்கத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலை, மசகு எண்ணெய்க்கான மூலப்பொருளையும் பாரபின் மெழுகையும் உற்பத்தி செய்தது. காப்புக் கிரீஸ் என்பது அடிப்படையில் இத்தகைய எண்ணெயும் மெழுகும் சேர்ந்த கலவையே.

நீக்கும் முறை

கிரீஸ் வெப்பத்தில் இளகும். மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான்களில் கரையும். நீக்கும் முறைகள் இவ்விரு பண்புகளையே சார்ந்தவை. முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, மரப்பகுதியையும் உலோகப்பகுதியையும் பிரிப்பர். கெட்டியான படலத்தைத் துணியால் வழித்தெடுத்தபின், உலோக உறுப்புகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்ப்பர். எளிதில் தீப்பற்றும் என்பதால் பெட்ரோல் தவிர்க்கப்படுகிறது. கொதிநீரும் பயன்படும், ஆனால் உடனே உலர்த்தி மெல்லிய எண்ணெய் பூசாவிட்டால் சில மணி நேரத்திலேயே துரு தோன்றும். மரம் கிரீசை உறிஞ்சிவைத்திருக்கும். அதை வெயிலில் வைத்து, கசிவதைத் துடைத்துத் துடைத்து எடுத்தபின் ஆளிவிதை எண்ணெய் தடவுவர்.

மூன்று இடங்களில் தனிக் கவனம் தேவை. குழலில் கிரீஸ் அடைத்திருந்தால் சுடும்போது அழுத்தம் மிகுந்து குழல் வெடிக்கக்கூடும். தோட்டா அமரும் அறையில் மசகு இருந்தால் போல்ட்டின் மீது பின்னோக்கிய விசை கூடும். போல்ட்டுக்குள் கிரீஸ் இறுகியிருந்தால் ஊசி வேகமிழந்து தோட்டா வெடிக்காமல் போகலாம்.

இந்தியாவில் .303 துப்பாக்கி

மேற்கு வங்கத்தின் இசாப்பூர் தொழிற்சாலையில் லீ-என்பீல்டு .303 துப்பாக்கிகள் உருவாயின. அவற்றின் பின்கட்டையில் உள்ள சிறு அறையில் எண்ணெய்க் குப்பியும், துணி கோத்துக் குழலைத் துடைக்கும் கயிறும் இருக்கும். இந்திய விடுதலைக்குப் பின்னும் காவல்துறையில் இவை நீடித்தன. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்புடன் இவற்றுக்கு விடைகொடுத்தது. தேசிய மாணவர் படையில் கவாத்துப் பயிற்சிக்கும் இத்துப்பாக்கிகள் பயன்பட்டன.

அமெரிக்காவில் கிரீஸ் பூசிய பழைய படைத்துறைத் துப்பாக்கிகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டதால், அதை நீக்குவது சேகரிப்பாளர்களின் வேலையாயிற்று. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்க முடியாத இந்தியாவில், அது பெரும்பாலும் படைக்கலக் கிடங்குப் பணியாளர்களின் வேலையாகவே இருந்துவருகிறது.