வலிப்பு நோயில் திடீர் மரணம்
வலிப்பு நோயாளி ஒருவர் விபத்தோ, நீரில் மூழ்குதலோ, நீடித்த வலிப்போ இன்றி எதிர்பாராமல் இறந்து, உடற்கூறாய்விலும் வேறு காரணம் தெரியாத நிலை. அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2017 வழிகாட்டுதல்படி, ஆண்டுதோறும் இந்நோயுள்ள பெரியவர்களில் 1,000 பேருக்கு ஒருவரும் குழந்தைகளில் 4,500 பேருக்கு ஒருவரும் இப்படி இறக்கின்றனர். பெரும்பாலும் தூக்கத்தில், கவிழ்ந்து படுத்திருக்கையில், பெருவலிப்புக்குப் பின் மூச்சும் இதயத்துடிப்பும் அடங்கி நேர்கிறது. கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பு அடிக்கடி வருவதே முதன்மையான ஆபத்து.

இதை அறிந்த குடும்பங்கள் குறைவு. வரன் தட்டிப்போகும் என்று நோயையே மறைக்கும் வீடுகளில் மரணத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இடமளித்த சட்டவிதி 1999-இல் நீக்கப்பட்டும் அச்சம் போகவில்லை. வலிப்பின்போது கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. விரதநாளிலும் விடாமல் விழுங்கும் மாத்திரையே காப்பு. இரவில் அதே அறையில் ஒருவர் துணைக்குப் படுப்பதும் ஆபத்தைக் குறைக்கும்.

சென்னையில் திருவான்மியூரை ஒட்டிய தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனையில் நரம்பியல் சிகிச்சை உண்டு. மருத்துவர் சொல்லட்டும் என்று காத்திராமல், நோயாளியும் வீட்டாரும் இந்த ஆபத்தைப் பற்றித் தாங்களே கேட்க வேண்டும். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்கவும்.