மீன்களின் வலியுணர்வு

மீனுக்கு வலிக்குமா என்ற விவாதம் இரண்டு நிகழ்வுகளைப் பிரித்துப் பார்ப்பதில் தொடங்குகிறது. சூடான பாத்திரம் பட்டதும் கை தானாகப் பின்வாங்குவது அனிச்சைச் செயல். பிறகு நெடுநேரம் எரிவது வலி. தூண்டிலில் துடிக்கும் மீனிடம் முதலாவது மட்டுமே உண்டு என்று பலர் நெடுங்காலம் நம்பினர். மீன் கத்துவதில்லை, முகம் சுளிப்பதில்லை என்பது அந்த நம்பிக்கைக்கு வசதியாக இருந்தது.

பிரிட்டனில் வேட்டையையும் தூண்டில் மீன்பிடிப்பையும் ஆராய்ந்த மெட்வே குழு, முதுகெலும்புள்ள எல்லா உயிர்களும் துன்புறக்கூடியவை என்றே கொள்ள வேண்டும் என 1980இல் அறிக்கை தந்தது. ஆனால் எலும்பு மீன்களின் உடலில் காயத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டா என்பதை அப்போது யாரும் அளந்து காட்டியிருக்கவில்லை.

அதைக் காட்டியவர்கள் லின் ஸ்னெடன், விக்டோரியா பிரெய்த்வெய்ட், மைக்கேல் ஜென்டில் ஆகியோர். எடின்பரோவுக்கு அருகிலுள்ள ரோஸ்லின் நிறுவனத்தில் அவர்கள் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. வானவில் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் தாங்கள் ஆராய்ந்த 58 உணர்முனைகளில் 22, காயத்தை உணரும் வகையைச் சேர்ந்தவை என்று கண்டார்கள். பிறகு சில மீன்களின் உதட்டில் தேனீ நஞ்சையும், சிலவற்றில் அசிட்டிக் அமிலத்தையும் செலுத்தினார்கள். அந்த மீன்களின் செவுள்கள் வேகமாக அடித்துக்கொண்டன. உடல் இருபுறமும் ஆடியது. அமிலம் ஏற்ற மீன்கள் உதட்டைத் தொட்டியின் அடியிலிருந்த சரளைக்கற்களில் தேய்த்தன. ஒப்பீட்டுக்காக வெறும் உப்புநீர் ஏற்றிய மீன்கள் ஒன்றரை மணி நேரத்துக்குள் இரை எடுத்தபோது, இவை ஏறத்தாழ மூன்று மணி நேரம் இரையைத் தொடவில்லை.

இன்னும் வலுவான சான்று ஒரு சிவப்பு லெகோ கோபுரத்தால் கிடைத்தது. புதிய பொருளைக் கண்டால் டிரவுட் ஒதுங்கிப் போவது வழக்கம். அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் அந்தக் கோபுரத்தைப் பொருட்படுத்தவே இல்லை. மார்ஃபின் கொடுத்ததும் பழைய எச்சரிக்கை திரும்பியது. வெறும் அனிச்சைச் செயல், மீனின் கவனத்தை இப்படிப் பறித்திருக்காது.

எதிர்ப்பும் எழுந்தது. அமெரிக்க நரம்பியலாளர் ஜேம்ஸ் ரோஸ், வலியை உணரத் தேவையான பெருமூளைப் புறணி மீனுக்கு இல்லை என்று 2002இலேயே வாதிட்டிருந்தார். ஆஸ்திரேலியாவின் பிரையன் கீ 2016இல் அதே வாதத்தை விரிவாக்கினார். 2008இல் அமிலச் சோதனையைத் திரும்பச் செய்த வேறு ஆய்வாளர்கள், ஆட்டத்தையும் தேய்த்தலையும் காணவில்லை என்றனர். அவர்கள் பயன்படுத்திய அமிலத்தின் செறிவு அதிகம் என்பது மறுதரப்பின் பதில். புறணி வாதம் பலவீனமானது. பாலூட்டிகளுக்குள்ள அந்த அமைப்பு பறவைகளுக்கும் இல்லை. அதற்காகக் கோழிக்கு வலிக்காது என்று யாரும் சொல்வதில்லை.

வரிக்குதிரை மீன்களைக் கொண்டு ஸ்னெடன் செய்த சோதனையும் முக்கியமானது. கற்களும் செடிகளும் உள்ள தொட்டியை விரும்பும் இம்மீன்கள், அமிலம் ஏற்றப்பட்டபின், வலி மரக்கச் செய்யும் லிடோகெயின் கலந்த வெறுந்தொட்டியைத் தேடிச் சென்றன. நிவாரணத்துக்காகத் தன் விருப்பத்தை விட்டுக்கொடுக்கும் உயிருக்குச் சந்தேகத்தின் பலனை மறுப்பது நியாயமாகாது.

சட்டங்கள் மெல்ல மாறின. சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு ஆணை, திரும்ப விடும் நோக்கத்துடன் மீன் பிடிப்பதைத் தடுத்தது. நார்வேயின் 2009ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் மீன்களையும் உள்ளடக்கியது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமோ, மனிதனைத் தவிர்த்த எந்த உயிரினமும் விலங்கே என வரையறுக்கிறது. அந்த வரையறைக்குள் மீனும் அடங்கும்.