தண்ணீருக்கு வழிவிட்ட படிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பாதியில், திருவட்டாறு, குலசேகரம், அருமனை வட்டாரத்தில், வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். வைகாசி நடுவே, இடவப்பாதியில் இறங்கும் தென்மேற்கு மழை ஆடி முடியும்வரை விட்டுவிட்டுப் பெய்யும். ஐப்பசி பிறந்தால் வடகிழக்கு மழை. இடையில், மத்தியானம் வெயில் கொளுத்திவிட்டுச் சாயங்காலம் இடியோடு கொட்டும் நாட்களும் உண்டு. இங்கே ஒரு வீட்டில் முதலில் நனைவது வாசல்படி. கடைசியில் காய்வதும் அதுதான். கட்டியவர் எப்படிப்பட்ட வேலைக்காரர் என்று தெரிந்துகொள்ள நான் சுவரைத் தட்டிப் பார்ப்பதில்லை, படியைத்தான் பார்ப்பேன்.

அப்பா கொத்தனார். சுண்ணாம்புச் சாந்தில் கை பழகி, நடுவயதில் சிமெண்டுக்கு மாறியவர். நான் டிப்ளமோ படித்து, கட்டட மேற்பார்வையிலேயே தலை நரைத்தவன். எங்கள் இருவர் காலத்துக்குள் இந்த வட்டாரத்தின் வாசல்படி கருங்கல்லிலிருந்து கான்கிரீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அந்த மாற்றத்தில் வலுவான ஒரு பொருள் கைக்கு வந்தது. தண்ணீரைப் பற்றிய பழைய அறிவு ஒன்று கைநழுவியது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் மழை ஊரில் படி நிற்கும் என்பது நான் கண்ட முடிவு.

பழைய வீடுகளின் அடித்தளம் இங்கே பெரும்பாலும் வெட்டுக்கல். 1800, 1801ஆம் ஆண்டுகளில் மைசூர், மலபார் பகுதிகளைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், அங்காடிப்புறத்தில் இந்தக் கல்லைப் பார்த்துவிட்டு 1807இல் வெளிவந்த தம் பயண நூலில் விவரித்தார். மண்ணுக்குள் இருக்கும்வரை இரும்புக் கருவியால் சுலபமாக வெட்டலாம், வெளியே எடுத்துக் காற்றுப் பட்டால் இறுகிவிடும் என்று அவர் குறித்த குணம், இங்கே கல் வெட்டும் குடும்பங்களுக்குத் தலைமுறையாகத் தெரிந்தது. அதன் பலவீனமும் அவர்களுக்குத் தெரியும். உடம்பெல்லாம் துளை, தண்ணீரை உறிஞ்சும், கால் படும் விளிம்பு பொடிந்துபோகும். அதனால் படியின் வயிற்றுக்கு வெட்டுக்கல், மிதிக்கும் இடத்துக்குக் கொத்திய கருங்கல் பலகை என்று பிரித்து வைத்தார்கள். வசதியுள்ள வீட்டில் ஒவ்வொரு படியும் ஒற்றைக் கருங்கல்லாக இருக்கும். 'லாபம், நஷ்டம்' என்று எண்ணிக்கொண்டே ஏறினால் கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். ஆகவே எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை.

வாசலோரம் கிண்டியில் தண்ணீர் இருக்கும். வெளியே போய் வந்தவர் கால் கழுவிவிட்டுத்தான் ஏறுவார். மழை இல்லாத நாளிலும் படி நனைந்துகொண்டே இருந்தது என்று அர்த்தம். அந்த ஈரம் தேங்காமல் இருக்க ஒவ்வொரு கல்லையும் முன்பக்கம் சாய்த்து அமர்த்தினார்கள். அடிக்கு இரண்டு நூல் சாய்வு. எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது கொத்தனார், ஆசாரி கணக்கு. அப்பா ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகும் திருப்தியடைய மாட்டார். கல்லின் பின் விளிம்பில், கதவு நிலைக்கு அருகே, செம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றுவார். தண்ணீர் முழு அகலத்துக்கும் விரிந்து முன்னால் வந்து விழ வேண்டும். ஒரு மூலைக்கு ஒதுங்கினாலோ நடுவில் உள்ளங்கையளவு நின்றாலோ, கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, அடிச்சாந்தைச் சரிசெய்து மறுபடியும் அமர்த்துவார். "மக்களே, தண்ணிக்குப் போக வழி காட்டிட்டா அது கல்லுகிட்ட சண்டைக்கு வராது" என்பார்.

கல்லை இணைத்த சாந்து சுண்ணாம்பு. காயலிலும் கழிமுகத்திலும் அள்ளிய சிப்பியைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்தது. வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். ஈரம் மாறாத இடத்தில் அதற்கு வெகுகாலம் பிடிக்கும். நனையும் வேலைக்கு அதனால்தான் செங்கல் பொடியைச் சேர்த்தார்கள். சுர்க்கி எனப்படும் அந்தப் பொடி சுண்ணாம்போடு வினைபுரிந்து தண்ணீருக்கு உள்ளேயும் கெட்டியாகும். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டியதுதான். அணைக்கு ஏற்ற அறிவு படிக்கும் ஏற்றதாக இருந்தது.

இவ்வளவுக்கும் மேலே, படியை உண்மையில் காத்தது கூரை. ஓட்டு வீட்டின் இறவாரம் சுவரைத் தாண்டி இரண்டு மூன்று அடி நீண்டிருக்கும். படிக்கென்று முன்னால் தனிச் சாய்ப்பும் இறக்கியிருப்பார்கள். கூரைத் தண்ணீர் கடைசிப் படிக்கு அப்பால் விழும். அது விழும் கோடு நெடுகச் சரளைக்கல் பரப்பியிருப்பார்கள். மண் தெறித்துப் படியில் ஒட்டாது, படியின் அடிமண் கரையாது. பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்த தரை இன்றும் பளபளக்கிறதென்றால், அந்தப் பூச்சுக்கு மேலே மழை புகாத கூரை இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மழமழப்பான பூச்சு உள்ளே, கொத்திய கரடுமுரடான கல் வெளியே என்ற வரம்பை அந்தக் காலத்துக் கைகள் மீறவில்லை.

பிறகு சிமெண்டு வந்தது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824இல். இந்தியாவின் முதல் முயற்சி 1904இல் சென்னையில், கடற்சிப்பியைக் கொண்டு நடந்தது, அது நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுக்கரை 1934இலும் டால்மியாபுரம் 1939இலும் வந்தன. எங்களுக்குக் கிட்ட வந்தது 1949இல், திருநெல்வேலியை அடுத்த தாழையூத்து ஆலை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிச் சணல் சாக்கில் மூட்டைகள் வந்து இறங்கின.

ஆனாலும் மலையடிவாரத்து ஊர்கள் கான்கிரீட்டை நெருக்கமாகப் பார்த்தது மாத்தூரில்தான். பஃறளியாற்றின் குறுக்கே 1966இல் எழுந்த தொட்டிப்பாலம், 28 தூண்களின் மேல், 115 அடி உயரத்தில், கால்வாய்த் தண்ணீரைச் சுமந்து சென்றது. கான்கிரீட் தண்ணீரைத் தாங்கும் என்பதை ஊர் கண்ணால் கண்டது. அந்த வேலைக்குப் போய் வந்தவர்களிடமிருந்துதான் அப்பா பலகை அடிக்கவும் ஜல்லி அளவு பார்க்கவும் கற்றுக்கொண்டார்.

கண்டதும் நம்பிக்கை வந்துவிட்டது, சிமெண்டுதான் கிடைக்கவில்லை. அப்போது அது பெர்மிட் சரக்கு. விலைக்கும் விநியோகத்துக்கும் இருந்த அரசுக் கட்டுப்பாடு 1982இல் ஓரளவும் 1989இல் முழுவதுமாகவும் விலகியது. அதுவரை கைக்கு வந்த மூட்டை கூரைக்கும் லிண்டலுக்கும் போகும். படி கடைசி வேலை. மிச்சமான சிமெண்டு, வெட்டிப்போட்ட கம்பித் துண்டு, உடைந்த செங்கல், வேலை முடியட்டும் என்ற அவசரம், இவற்றால் ஆனதுதான் இங்கே எழுந்த கான்கிரீட் படிகளில் பெரும்பாலானவை. கட்டுப்பாடு போய்விட்டது, வழக்கம் போகவில்லை. இன்றும் எஸ்டிமேட்டின் கடைசியில் 'படி, இதர வேலைகள்' என்று மொத்தமாக ஒரு தொகையைத்தான் எழுதுகிறார்கள்.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. எழுபதுகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. தட்டையான தளம் வந்தது, இறவாரம் போயிற்று. ஜன்னலுக்கு மேலே ஒன்றரை அடி சன்ஷேடு நீட்டியவர்கள் படிக்குமேல் எதையும் நீட்டவில்லை. பல தலைமுறையாகக் கூரைக்கு அடியில் இருந்த வாசல்படி முதன்முறையாக வானத்துக்குக் கீழே வந்தது. சிமெண்டுப் படிக்கு மழை என்ன செய்யும் என்று நினைத்தார்கள். மழை என்ன செய்தது என்பதை உடைத்துப் பார்த்தால் தெரியும்.

அருமனைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், எண்பதுகளில் போட்ட நான்கு படிகளைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மேலே சிவப்புக் காவிப் பூச்சு. சுத்தியலால் தட்டினால் உள்ளே பொள்ளல் சத்தம். வீட்டுக்காரர், "சாரே, மேல ஒரு பூச்சு பூசி டைல்ஸ் ஒட்டிட்டா போதாதா?" என்றார். முதல் படியின் மூக்கை உடைக்கச் சொன்னேன். பூச்சு ஏடு ஏடாகக் கழன்று வந்தது. அதற்குக் கீழே அரை அங்குலத்துக்குள் கம்பி. கம்பியை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் வைத்த அடையாளமே இல்லை. எட்டு மில்லிமீட்டர்க் கம்பி பாதியாய் மெலிந்து, சுற்றிலும் துரு அடுக்கடுக்காகப் புடைத்திருந்தது. இரும்பு துருவானால் முன்பிருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் படியின் விளிம்பு வெடித்திருந்தது. இன்னும் கீழே தோண்டினோம். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய மண்ணையே தள்ளி நிரப்பி, இடிக்காமல் அதன்மேல் படியைப் போட்டிருந்தார்கள். மழைக்கு மழை மண் அமர்ந்து, கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. படி முன்னால் சாய, சுவருக்கும் படிக்கும் இடையில் விரிசல். அதன் வழியே தண்ணீர் அடித்தளத்துக்குள் இறங்கியிருந்தது. சிமெண்டு தரமானதுதான். தண்ணீருக்கு ஒரு வழியும் யோசிக்கப்படவில்லை.

இதையெல்லாம் தடுக்கும் அறிவு புதிதாக வர வேண்டியதே இல்லை. 1918இல் சிகாகோவில் டஃப் ஆப்ராம்ஸ் என்ற ஆய்வாளர், கான்கிரீட்டின் பலம் சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்று காட்டிவிட்டார். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் பின்னால் வெளியேறும்போது துளைகளை விட்டுப் போகும். மழை அந்தத் துளை வழியேதான் உள்ளே வரும். நம் நாட்டின் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, கடும் மழைக்கும் மாறி மாறி நனைந்து காய்வதற்கும் ஆளாகும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்ற வகுப்பில் வைக்கிறது. எங்கள் ஊரின் திறந்த படி அந்த வகுப்புதான். அதற்குக் கம்பி போட்ட கான்கிரீட் எம்30 தரத்துக்குக் குறையக்கூடாது. கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர் வேண்டும், ஒரு கிலோ சிமெண்டுக்கு 0.45 கிலோவுக்கு மேல் தண்ணீர் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர், அதிலும் மணலில் உள்ள ஈரத்தைக் கழிக்க வேண்டும். கலவை 'ஓடணும்' என்பதற்காகக் குடம் குடமாக ஊற்றும் வழக்கத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் எங்கே தப்புகிறோம் என்று விளங்கும்.

அதே விதிநூல் கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு இதே சூழலில் எம்20 போதும் என்கிறது. மண்மேல் உட்காரும் மூன்று, ஐந்து படிகளுக்கு நான் இப்போது கம்பியே போடச் சொல்வதில்லை. துருப்பிடிக்க ஒன்றும் உள்ளே இல்லாத படி, கருங்கல் படிக்கு மிக நெருங்கிய உறவு. அந்தரத்தில் நிற்கும் படிக்குக் கம்பி வேண்டும்; அங்கே 45 மி.மீ. கவரில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

மற்றதெல்லாம் அப்பாவின் கணக்குதான். அடிமண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, நனைத்து, திமிசுக் கட்டையால் இடிப்பது. வீட்டுச் சுவரோடு படியை ஒட்ட வைக்காமல் இடையில் ஒரு மூட்டு விட்டு, அதைத் தார்ப் பசையால் அடைப்பது. படி கொஞ்சம் அமர்ந்தாலும் சுவர் விரியாது. அடிக்கு இரண்டு நூல் முன்சாய்வு. நீட்டிய மூக்கின் அடியில் விரல் நுனி அளவுக் காடி. தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்நோக்கி வழியாது. மேற்பரப்பைக் கரண்டியால் மெழுகாமல், ஈரம் இழுத்ததும் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுப்பது. ஆடி மாதப் பாசியில் வயதானவர்கள் வழுக்கி விழ மாட்டார்கள். பளபளக்கும் கிரானைட்டும் வழவழப்பான டைல்ஸும் திறந்த படிக்கு ஆகவே ஆகாது.

மழை ஊரில் புதுக் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட வேண்டியதில்லை, மழையே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சாயங்கால மழை புதுக் கான்கிரீட்டின் சிமெண்டுப் பாலைக் கழுவிக்கொண்டு போகும். மறுநாள் மத்தியான வெயில் அதைக் காயப்போட்டு விரிசல் விழவைக்கும். முதல் இரவு தார்ப்பாய், பிறகு குறைந்தது ஏழு நாள் நனைந்த சாக்கு. இதற்கு ஆள் கூலி வேண்டும். அந்தக் கூலியை மிச்சம் பிடித்த வீடுகளின் படிகளைத்தான் பின்னால் உடைக்கக் கூப்பிடுகிறார்கள்.

சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்துவதால், இன்று வீடுகளின் தரைமட்டமும் உயர்கிறது. மூன்று படி இருந்த இடத்தில் ஐந்தும் ஏழும் வருகின்றன. படி கூடக் கூட நனையும் பரப்பும் கூடும், விழுந்தால் படும் அடியும் கூடும். ஆகவே வீடு கட்டுகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு. எஸ்டிமேட்டில் படியை 'இதர வேலை'யிலிருந்து பிரித்து, கலவை, அடிமண் இடிப்பு, நனைப்புக் கூலி மூன்றையும் எழுதித் தனி வரியாகக் கேளுங்கள். தளம் போடும் நாளிலேயே படிக்கு மேல் மூன்றடி நிழலையும் சேர்த்து நீட்டச் சொல்லுங்கள். இறவாரத்தை இறக்கிவிட்டுத் தளம் போட்ட தலைமுறை எங்களுடையது. அந்தக் கடனை அடைக்கச் சிமெண்டும் கம்பியும் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன.