திறந்த கார், மூடிய துறைமுகம்

எங்கட வட்டத்தில கொஞ்ச நாளாக ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. கூரையை மடித்து வைக்கக்கூடிய, முப்பது வருடம் பழைய கார் ஒன்றை வாங்கி, அதை மூடி வைத்து அழகு பார்க்காமல் தினமும் ஓட முடியுமா? பாலாவியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல் என்று போகிற பாதையை நினைத்தால் ஆசை வரத்தான் செய்யும். விலையும் பெற்றோலும் ஒரு பக்கம் இருக்கட்டும். நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். எங்களுக்குத் தெரிந்த வழியில், அதாவது வரலாற்றின் வழியில், இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பார்த்தோம்.

முதலில் சொல்லை விளங்கிக்கொள்வோம். "மொடர்ன் கிளாசிக்" என்று இப்ப சொல்லப்படுவது பெரும்பாலும் 1980, 1990களின் கார்களை. திறந்த கார்களில் அதற்கு நல்ல உதாரணம் மஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டே இருக்கை, 1.6 லீற்றர் எஞ்சின், ஒரு தொன்னுக்கும் குறைவான எடை. 1960களில் ஆங்கிலேயர் செய்த சின்னத் திறந்த கார்களின் ஓட்டச் சுகத்தை, காலையில் நம்பி ஸ்டார்ட் பண்ணக்கூடிய ஜப்பானிய எஞ்சினோடு சேர்த்துக் கொடுத்ததுதான் அதன் வெற்றி. மேல்நாட்டில் பலருக்கு அது இரண்டாவது கார், வார இறுதிக் கார்.

எங்கட நாட்டில் பழைய காரின் கதை வேறு. இங்கே பழைய காரைத் தினமும் ஓடியவர்களில் அநேகம் பேர் விரும்பி ஓடவில்லை. வேறு கார் கிடைக்கவில்லை.

மொறிஸ் மைனரும் நம்பர் பிளேட்டும்

இலங்கை சுதந்திரம் பெற்று எட்டு மாதம் கடந்த நிலையில், 1948 ஒக்டோபரில், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொறிஸ் மைனர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959இல் வந்த மினி காரும் அவருடைய வேலைதான். மைனர் தொடக்கத்திலிருந்தே இரண்டு விதமாகக் கிடைத்தது: இரும்புக் கூரையுள்ள சலூன், துணிக் கூரையை மடிக்கக்கூடிய டூரர். முதல் எஞ்சின் 918 சிசி. பின்னர் 803, 948, 1098 என்று மாறியது. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானியக் கார் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. டூரர் உற்பத்தி 1969இல் நின்றது.

இந்தக் கார் இலங்கையில் டாக்டர், ஆசிரியர், அரசாங்க உத்தியோகத்தர் வீடுகளின் கார் ஆனது. இன்றைக்கும் ஒரு பழைய மைனர் எந்தக் காலத்தது என்று அறிய பொனட்டைத் திறக்கவே தேவையில்லை, நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே போதும். 1950களின் நடுப்பகுதி வரை சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுத்த எழுத்துகள் பிளேட்டில் இருந்தன: சீஎன், ஈஎல், ஈஎன், ஈவை என்று. 1957 ஜனவரியிலிருந்து பதிவான புதிய வாகனங்களுக்கு அந்த எழுத்துகள் போய், சிங்கள எழுத்தில் "ஸ்ரீ" வந்தது.

அந்த ஒரு எழுத்து எவ்வளவு தூரம் போனது என்று எங்கட வயதில் பலருக்குத் தெரியாது. தனிச் சிங்களச் சட்டம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தமிழரசுக் கட்சி, தமிழ் எழுத்தில் ஸ்ரீ எழுதி வாகனங்களை ஓட்டும் போராட்டத்தைத் தொடங்கியது. 1957 ஜூலையில் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது சற்று அடங்கியது. 1958இன் தொடக்கத்தில் பஸ் சேவை தேசியமயமானது. சிங்கள ஸ்ரீ பிளேட்டோடு பஸ்கள் வடக்குக்குப் போனதும் தார்ச்சட்டிகள் மீண்டும் வெளியே வந்தன. வடக்கில் சிங்கள எழுத்துக்குத் தார், தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார். ஏப்ரல் 9ஆம் திகதி ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம். ஒரு பழைய காரின் பின்பக்கத்தில் இருக்கிற சின்னத் தகட்டுக்குள் இவ்வளவும் இருக்கிறது. அந்தத் தகட்டை வெறும் அலங்காரமாக மாட்டிப் படம் எடுக்க முன்னம், அதை ஒருக்கா வாசித்துப் பார்க்கலாம்.

துறைமுகம் மூடினபோது

1960களின் தொடக்கத்திலேயே நாட்டில் அந்நியச் செலாவணி குறைந்து, அரசாங்கம் இறக்குமதியை வெட்டத் தொடங்கியது. முதலில் அடிபட்டவற்றில் கார்களும் இருந்தன. 1970–77 காலத்தில் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. உபாலி விஜேவர்தன பியட், மஸ்டா கார்களை இங்கேயே பொருத்தி விற்க முயன்றதும் அந்தச் சூழலில்தான். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகுதான் ஜப்பானியக் கார்கள் பெருமளவில் வந்து இறங்கின.

இடையில் ஏறத்தாழ பதினைந்து வருடம், இருக்கிற காரை வைத்துத்தான் நாடு ஓடியது. பொதுவாகப் பத்து வருடத்தில் ஒதுக்கப்படுகிற கார் முப்பது வருடம் ஓட வேண்டி வந்தது. உதிரிப்பாகம் வராதபோது லேத் பட்டறையில் கடைந்தார்கள். மட்கார்ட் உக்கினால் தகரத்தை வெட்டி, தட்டி, ஒட்டினார்கள். பதிவுப் புத்தகத்தில் 1952 என்று இருக்கும். ஆனால் காரில் பாதி கராஜ் பாஸ்மாரின் கைவேலையாக இருக்கும்.

இப்படி உயிரோடு வைத்திருப்பதில் திறந்த கார்தான் கஷ்டமானது. இதற்குக் காரணம் கட்டுமானம். சலூன் காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து உடம்பை ஒரு பெட்டி மாதிரிப் பிடித்துக்கொள்கின்றன. கூரையை எடுத்துவிட்டால் முழு வலிமையும் தரைக்கும், கதவுக்குக் கீழே நீளமாகப் போகிற "சில்" பகுதிக்கும் வந்துவிடுகிறது. மைனர் டூரருக்குத் தொழிற்சாலையிலேயே அந்த இடங்களில் மேலதிக இரும்பு வைத்தார்கள். அந்த இரும்பு உக்கினால் கார் நடுவில் தொய்யும், கதவு ஒழுங்காகப் பூட்டாது.

மண்ணெண்ணெய்க் காலம்

தமிழர் வரலாற்றில் பழைய கார் தினசரிக் காராக இருந்த மிகக் கடினமான காலம் 1990க்குப் பிறகு வந்தது. அந்த வருடம் ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. வடக்குக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. புதிய கார் வைத்திருந்தவர்கள் அதை மூடி வைத்தார்கள். ஒஸ்டின் ஏ-40, மொறிஸ் மைனர் வைத்திருந்தவர்கள் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். பின்னால் வெள்ளைப் புகை.

இது மந்திரம் இல்லை. அந்தக் கால எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு, அதனால் தரம் குறைந்த எரிபொருளையும் அவை தாங்கும். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால்தான் முதலில் பெற்றோல் வேண்டும். இங்கிலாந்தில் பெர்குசன் டிராக்டர்களில் ஒரு வகை இதே முறையில்தான் வேலை செய்தது: பெற்றோலில் தொடக்கம், பிறகு மலிவான டிராக்டர் எண்ணெய். ஆனால் விலை கொடுக்க வேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், பிளக் கரி பிடிக்கும். எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுதான் ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அதே வருடம் ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வீடு, நகை, கடை, வாகனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது எங்கட புத்தளத்துக்கு. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகில் கற்பிட்டியில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்து ஏ-40 கதைகளைப் பெருமையாகச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். காரைக் காப்பாற்றி வைத்திருக்க முதலில் சொந்த ஊரில் இருக்க விட வேண்டும். அது எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

மறுபடியும் மூடினார்கள்

இதெல்லாம் அம்மப்பா காலத்துக் கதை என்று நினைக்கிறோமா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. காரணம் பழையதுதான், டொலர் இல்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அந்த வருட நடுப்பகுதியில் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது. பாவித்த கார்களின் விலை ஏறியது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அதுவும் பெரிய வரியோடு.

திறந்த பிறகும் ஒரு விசயம் மாறவில்லை. சில வருடத்துக்கு மேல் பழைய காரை இறக்குமதி செய்ய விடமாட்டார்கள். ஆகவே 1990ஆம் ஆண்டு எம்எக்ஸ்-5 ஒன்றை ஜப்பானிலிருந்து இறக்கலாம் என்று கனவு காணத் தேவையில்லை. தீவுக்குள் ஏற்கெனவே இருக்கிறதைத்தான் தேட வேண்டும்.

சரி, வாங்கலாமா?

எங்கட கரையில் முதல் எதிரி உப்பு. புத்தளத்தில் உப்பு விளைவதற்குக் காரணமான அதே வெயிலும் காற்றும் காருக்கு ஆகாது. மே தொடங்கி செப்டெம்பர் வரை கடலிலிருந்து அடிக்கிற காற்று உப்பைக் கொண்டுவந்து இரும்பில் படிய வைக்கும். ஈரப்பதம் சுமார் 75 வீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருந்து தானாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மழையே பெய்யாத நாளிலும் கார் நனைந்துதான் நிற்கிறது. எம்எக்ஸ்-5 காரில் ஹூட்டில் விழுகிற தண்ணீர் சின்னக் குழாய்கள் வழியாக இறங்கும். அதில் மண் அடைத்தால் சில் உள்ளேயிருந்து உக்கும், வெளியில் தெரியாது. பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடி வெயிலில் மஞ்சளாகி வெடிக்கும். மைனரில் முன் சில்லைப் பிடிக்கிற ட்ரனியன் என்ற பாகத்துக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் சில்லு ஒருநாள் மடிந்து விழும்.

ஆகவே வாங்குகிறவர் பெயின்ற்றைப் பார்க்க முன் காரைத் தூக்கி அடியைப் பார்க்கட்டும். கதவைத் திறந்து பூட்டிப் பார்க்கட்டும். ஷெசி நம்பரும் எஞ்சின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகுதா என்று பார்க்கட்டும். வாங்கின பிறகு நல்ல தண்ணியில் அடிக்கடி அடிப்பக்கம் கழுவ வேண்டும், நிழலான, காற்றோட்டமான கொட்டில் வேண்டும். இவ்வளவும் செய்தால் தினமும் ஓடலாம். மஸ்டா பமிலியாவைத் திருத்தின கைக்கு எம்எக்ஸ்-5 எஞ்சின் புதிதில்லை, இரண்டும் ஒரே குடும்பம்.

செலவைப் பற்றி வேறொருவர் நாற்பது வருடத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைத் திருத்துவதற்கென்றே ஒரு நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், நீடித்து உழைக்கும் காரைத் திருத்தித் திருத்தி ஓடுவதுதான், புதுக் கார் வாங்கி விலை இறங்க விடுவதைவிட இலாபம் என்று 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். 1990களில் அவர் மைனர் உதிரிப்பாகங்களைச் செய்விக்கத் தேர்ந்த நாடு இலங்கை. பதினைந்து வருடம் துறைமுகம் மூடிக் கிடந்த நாட்டில், அந்தத் தகரத்தைத் தட்டத் தெரிந்த கைகள் ஏற்கெனவே இருந்தன.

எங்களுக்குக் கவலை தருவது அந்தக் கைகள்தான். சிலாபத்திலும் புத்தளத்திலும் தகரம் தட்டுகிற, ஹூட் தைக்கிற, காபரேட்டரைக் காதால் கேட்டுச் சரிசெய்கிற பாஸ்மாருக்கு வயது போய்விட்டது. புதிய கராஜ்களில் கணினியை மாட்டிப் பிழையைப் படிக்கிறார்கள். அது தேவைதான். ஆனால் பழைய வேலையைப் பழக யாரும் நிற்பதில்லை. இதற்கு முன்னர் துறைமுகம் மூடினபோது நாட்டை ஓட வைத்த அறிவு அது. இதுவரை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

அதனால் எங்கட பதில் இதுதான். வாங்கலாம், ஆனால் காரைத் தேட முன் ஒரு பாஸைத் தேடுங்கள். அவர் கராஜில் சில சனிக்கிழமைகள் போய் நின்று, என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். கார் வாங்கக் காசு இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். எங்களில் அநேகம் பேர் அந்த வகைதான். எழுதியதை எங்களுக்கு அனுப்புங்கள், போடுகிறோம்.