சக்தி செயலியும் லினக்சு செயல்திறன் எண்ணிகளும்

செயல்திறன் எண்ணிகள் என்பவை செயலிக்குள் அமைந்த சிறப்புப் பதிவகங்கள் ஆகும். கடிகாரச் சுற்றுகள், முடிந்த கட்டளைகள், கேச் தவறல்கள் போன்றவற்றை இவை எண்ணும். இன்டெல் பென்டியத்தில் (1993) இவை இருந்தபோதும், லினக்சில் பயன்படுத்தப் பெர்ஃப்சிடிஆர் போன்ற ஒட்டுகளைப் பயனரே கருனியில் சேர்க்க வேண்டியிருந்தது. தாமஸ் கிளெய்க்ஸ்னர், இங்கோ மோல்னார் ஆகியோர் தொடங்கிய பொதுவான ஆதரவு 2009 செப்டம்பரில் வெளியான 2.6.31 பதிப்பில் இணைந்தது.

சென்னையில்

தாம்பரத்திற்கு வடக்கே, கிண்டியை ஒட்டியுள்ள சென்னை ஐஐடியில் பேராசிரியர் வீ. காமகோடி குழுவினர் சக்தி செயலிகளை உருவாக்கினர். இன்டெல்லின் 22 நானோமீட்டர் நுட்பத்தில் தயாரான சில்லு 2018இல் லினக்சை இயக்கியது. சக்தி பின்பற்றும் ரிஸ்க்-5 வரையறை, சுற்று எண்ணி, கட்டளை எண்ணி ஆகிய இரண்டுடன் மேலும் 29 எண்ணிகளுக்கு இடம் தருகிறது. இந்த 29உம் எப்போதும் சுழியமாகவே இருக்கலாம்.

கருனியின் சிக்கல்

ரிஸ்க்-5இல் எண்ணிகளை அமைக்கும் உரிமை மிக உயர்ந்த இயந்திர நிலைக்கே உண்டு. கருனி அதற்குக் கீழ்நிலையில் இயங்குகிறது. எனவே 2018இல் 4.18 பதிப்பில் வந்த தொடக்க ஆதரவு, சுற்றுகளையும் கட்டளைகளையும் எண்ணுவதோடு நின்றது. எண்ணி நிரம்பும்போது குறுக்கீடு எழாததால், நிரல் தாமதமாகிறது என அறிய முடிந்ததே தவிர, எந்த வரியில் தாமதமாகிறது எனக் காண முடியவில்லை.

2021இல் எஸ்பிஐ வரையறையின் எண்ணிப் பகுதியும், நிரம்பல் குறுக்கீட்டு நீட்சியும் வந்தன. இவற்றைப் பயன்படுத்தும் இயக்கி 2022இல் லினக்சு 5.18இல் சேர்ந்தது. செயலியை உள்நாட்டில் வடிவமைத்தாலும், அதன் வேகத்தை அளக்கும் வழி உலகளாவிய கருனிப் பணியையும் சார்ந்துள்ளது.