மண்ணுக்குக் கீழே ஒரு பழைய கடற்கரை

நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டைப் பார்த்திருப்பீர்கள். முந்திரியும் பலாவும் நல்லா வரும் பூமி. இங்கிருந்து கடல் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர். ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னாலே இதே இடம் கடலோரச் சதுப்புக் காடு!

எருக்குழியிலே காற்றுப் பட்டால் குப்பை மக்கி எருவாகும். காற்றுப் படாத சேற்றிலே புதைந்தால் முழுசாக மக்காது. அந்தக் காட்டு மரங்கள் அப்படித்தான் புதைந்தன. நிலம் மெல்ல மெல்ல அமிழ, ஆறுகள் கொண்டுவந்த மணலும் களியும் மேலே மூடி அழுத்தின. அதுதான் பழுப்பு நிலக்கரி. பிறகு கடல் விலகிப் போனது.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது இந்தக் கரி தெரிந்தது. 1956-ல் நிறுவனம் ஏற்பட்டது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் கரிக்கு அடியிலே தண்ணீர் அழுத்திக்கொண்டு நின்றது. ஏன் தெரியுமா? மேற்கே மேட்டில் பெய்த மழை, கிழக்கே சரிந்து போகும் மணல் அடுக்கில் இறங்குகிறது. மேலே களி மூடியிருப்பதால், தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் மாதிரி அழுத்தம் சேர்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் கரி வெட்ட முடியும். அதே அடுக்கில்தான் நம்ம போர்களும் ஆலைகளின் போர்களும் இறங்கியிருக்கின்றன. ஒரு காலத்தில் தானாகப் பொங்கி வழிந்த ஊற்று, இப்போது மோட்டார் போட்டாலும் ஆழத்திலிருந்துதான் வருகிறது.

கரையோரத்து விவசாயிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் லேசானது. அதன்மேல் மிதந்து நிற்கும். கரையோர மேல்மணலில், கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் தாங்கும். அந்த 1 அடி குறைந்தால் கடல் உள்ளே நுழையும். நுழைந்த உப்பு லேசில் போகாது.

ஆகவே, தண்ணீர் கரிக்கிறதே என்று போரை இன்னும் ஆழமாக்காதீர்கள்; உப்புதான் மேலே வரும். முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். மேட்டு நிலத்துக்காரர்கள் வரப்பை உயர்த்தி, ஏரி குளங்களைத் தூர் வாரி, மழையை மண்ணுக்குள் இறக்குங்கள். மேட்டிலே இறங்கும் மழைதான் கரையிலே கடலைத் தடுக்கும் அணை.